வீடு தேட ஏற்ற வேளை எது?



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்போது நம் சபையின் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், சொந்த வீடு வாங்கணும்னு ஒரு பாரம் இருக்கு. இப்பவே தேட ஆரம்பிக்கலாமா? இல்ல, கர்த்தர் வாசலைத் திறக்கிற வரைக்கும் சும்மா இருக்கணுமா? நாமளா முந்திக்கிட்டுத் தேடினா அது அவிசுவாசம் ஆயிடாதா?"

"ஜெபம் பண்ணுங்க தம்பி, கர்த்தர் வழி நடத்துவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பதில் அல்ல. ஊழியக்காரர்களாகிய நாங்கள் பதில் தெரியாதபோது ஒளிந்துகொள்ளும் இடம் அது. அந்தத் தம்பிக்குக் கடன்பட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். வீடு கிடைத்த சாட்சி என்று நினைத்து வாசிக்காதீர்கள். நானும் என் குடும்பமும் இன்றும் குன்றத்தூரில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

என்னுடைய தவறு

முதலில் ஒரு அறிக்கை செய்ய வேண்டும். 2013 டிசம்பர் 31 இரவு, காத்திருப்புக் கூட்டத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுத்தோம். ஆவியின் உற்சாகத்தில், "இந்த வருஷம் வாடகை வீட்டுல இருக்கிறவங்க சொந்த வீட்டுக்குப் போவீங்க, விசுவாசிக்கிறவங்க ஆமென் சொல்லுங்க" என்றேன். சபையே ஆமென் சொன்னது. நானும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன்.

அன்று ஆமென் சொன்னவர்களில் ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். கணவர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பிப்ரவரி மாதமே ஒரு புதிய லேஅவுட்டில் மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. "வருஷம் முடியறதுக்குள்ள வாங்கியாகணும், பாஸ்டர் சொல்லிட்டாரே" என்று அந்தச் சகோதரி அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்த மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவருக்கு வேலை போயிற்று. தவணை நின்றது. பிறகு 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவு செய்யவும் முடியாமல், பணத்தைத் திரும்ப வாங்கவும் முடியாமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல் வந்தது உண்மைதான். அதற்குக் கட்டவும் கையில் பணம் வேண்டுமே?

அவர்கள் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாய் வலிக்கிறது. கர்த்தர் குறிக்காத தேதியை நான் குறித்தேன். நம்மில் யாரும் ராகு காலம், எமகண்டம் பார்ப்பதில்லை. ஆடியிலும் பத்திரம் பதிவோம், மார்கழியிலும் பால் காய்ச்சுவோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அட்டையில் அச்சடித்த வருஷத்தைப் பஞ்சாங்கம் போல ஆக்கிவிட்டால், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காத்திருத்தலா, சோம்பலா?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. நம் பகுதியில் ஒரு வயதான தாயார். கணவர் நல்ல கம்பெனியில் இருந்தவர். இருபது வருஷத்துக்கு மேலாக, "கர்த்தர் தம்முடைய வேளையில் தருவார்" என்று சொல்லி வந்தார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த இருபது வருஷத்தில் வீட்டுக்கென்று தனியாக ஒரு ரூபாய் எடுத்து வைக்கவில்லை. ஒரு வில்லங்கச் சான்று எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை. கணவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது வங்கிக்குப் போனார்கள். மீதமிருக்கிற வேலைக் காலத்தைக் கணக்குப் போட்டு, குறைந்த வருஷம், பெரிய தவணை என்று வங்கி சொன்னது. கட்ட முடியாத தவணை. திரும்பி வந்தார்கள்.

எண்ணாகமம் 9-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் மேகம் வாசஸ்தலத்தின்மேல் தங்கியிருக்கும்வரை ஜனங்கள் பாளயத்தில் இருந்தார்கள். அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம். எழும்பியதும் புறப்பட வேண்டும். அப்படியானால் அவர்கள் காத்திருந்த நாட்களில் என்ன செய்திருப்பார்கள்? கிழிந்த கூடாரத்தைத் தைத்திருப்பார்கள். கயிறும் முளையும் இருக்கிற இடம் தெரிந்திருக்கும். மேகம் எழும்பின பிறகு கயிறு தேடுகிறவன் காத்திருந்தவன் அல்ல, தூங்கினவன்.

ஆக, அவசரத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்து ஒரு குடும்பம் விழுந்தது. சோம்பலுக்குப் பொறுமை என்று பெயர் வைத்து இன்னொரு குடும்பம் தவறவிட்டது. இரண்டிலும் கர்த்தருடைய நாமம்தான் சொல்லப்பட்டது.

நம் ஊரின் கடிகாரம்

நாம் வாழ்கிற இந்தப் பகுதிக்கென்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் மனை விலை ஏறியது, வாடகை ஏறியது. 2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. ஒரு பெரிய கதவு திறக்க எட்டு வருஷம், மூட ஒரு நாள். 2021-ல் நம் குன்றத்தூர் பேரூராட்சி நகராட்சியானது. 2022 ஆகஸ்டில் பரந்தூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், எத்தனை மனை விளம்பர நோட்டீஸ் நம் கதவுக்குள் வந்து விழுந்தது!

ஞாயிறு மதியம் இலவச வேன், சாப்பாட்டுக்குப் பிரியாணி, "சும்மா பார்த்துட்டு வாங்க சார்" என்ற அழைப்பு. ஆராதனை முடிந்து அந்த வேனில் ஏறின நம் ஜனங்களையும் நான் பார்த்திருக்கிறேன். லூக்கா 14-ல் ஆண்டவர் சொன்ன உவமையில் ஒருவன் விருந்துக்கு வராமல் சாக்குச் சொல்கிறான்: வயலை வாங்கிவிட்டான், இனிமேல்தான் போய்ப் பார்க்க வேண்டுமாம்! வாங்கின பிறகா பார்ப்பது என்று நாம் சிரிக்கிறோம். பிரியாணி சாப்பிட்ட கையோடு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவரும் அப்படித்தானே?

"இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது" என்ற சத்தம் தரகருடையதா, பயத்தினுடையதா, பரிசுத்த ஆவியானவருடையதா? எனக்குத் தெரிந்த ஒரு பரீட்சையைச் சொல்கிறேன். பயம் தாய்ப்பத்திரத்தைப் படிக்க விடாது. வக்கீலிடம் காட்டப் பத்து நாள் கொடுக்காது. மனைவியிடம் பேச ஒரு இரவு கூடக் கொடுக்காது. கர்த்தருடைய நடத்துதல் வில்லங்கச் சான்றைப் பார்த்து ஓடிப்போகாது.

எரேமியா வாங்கின நிலம்

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் எரேமியா 32-ம் அதிகாரத்தை நம்பிக்கையின் அதிகாரமாகப் படித்தேன். இப்போது நிலம் வாங்குகிறவனின் கண்ணோடு படிக்கிறேன். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றிக்கை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் இருக்கிறார். ஊரே பறிபோகப் போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். உலகக் கணக்கில் அதைவிட மோசமான நேரம் கிடையாது.

எரேமியா வாங்கினார். விலை பதினேழு சேக்கல் வெள்ளி. ஆனால் எப்படி வாங்கினார் என்று கவனியுங்கள். பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகளை வைத்தார், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் சொன்னார். எதிரி மதிலண்டை நிற்கும்போதும் ஒரு சம்பிரதாயத்தையும் விடவில்லை. வாங்கலாம் என்ற தீர்மானம் விசுவாசத்தால் வந்தது. வாங்கின முறை ஒழுங்கின்படி நடந்தது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

எங்களுக்கு நடந்தது

2023-ல் நாங்களும் தேடினோம். நான் வாரநாளில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், ஞாயிறும் இரவுகளும் ஊழியம். கிடைத்த நேரத்தில் ஒரு பழைய சின்ன வீட்டைப் பார்த்தோம். இரண்டு அறை, ஒரு கிணறு, வாசலில் முருங்கை மரம். கேட்ட விலை 28 லட்சம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அது நியாயமான விலைதான். தரகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர், அவங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அவசரமா பணம் வேணும். கொஞ்சம் இழுத்துப் பிடிச்சீங்கன்னா மூணு லட்சம் குறைச்சிடலாம்" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், என் உள்ளம் துள்ளியது. இது கர்த்தர் திறந்த வாசல் என்றே நினைத்தேன். அன்று இரவு ஜெபத்தில் நன்றியும் சொன்னேன். ஜெபம் முடிந்ததும் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, நமக்கு இது கர்த்தர் திறந்த வாசல்னா, அந்த அக்காவுக்கு இது என்ன வாசல்?"

நான் பேசவில்லை. வீட்டில் விரிசல் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது என்று விலை குறைத்துக் கேட்பது வியாபாரம். அந்த வீட்டு அம்மாவின் கண்ணீரைக் காட்டி விலை குறைப்பது என்ன? ஆபிரகாம் சாராளை அடக்கம்பண்ண மக்பேலா நிலத்தைக் கேட்டபோது, எப்பெரோன் இலவசமாகவே தருகிறேன் என்றான். ஆபிரகாம் ஒப்புக்கொள்ளாமல் நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். துக்கத்தில் இருந்தவர் ஆபிரகாம். அவரே முழு விலையைக் கொடுத்தார் என்றால், எதிரே இருப்பவர் துக்கத்தில் இருக்கும்போது நாம் குறைத்துக் கேட்கலாமா?

மறுநாள் போய், 28 லட்சமே கொடுக்கிறோம் என்று சொன்னேன். அந்த அம்மா கை எடுத்துக் கும்பிட்டார்கள். "எப்போ தருவீங்க ஐயா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் இரண்டு லட்சம் கூட இல்லை. வங்கியில் மனு போடவில்லை. சம்பளச் சீட்டுகள், படிவம் 16, பாஸ் புத்தகம் எதுவும் ஒழுங்காக இல்லை. எப்படிப் பார்த்தாலும் நாற்பது, ஐம்பது நாள் ஆகும். அவர்களுக்கு இரண்டு வாரத்தில் பணம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் வேறொருவர் ரொக்கமாக 24 லட்சம் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

அந்த மனிதரைக் குற்றம் சொல்லி ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவர் குறைத்துக் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். நான் நியாயம் பேசினேன், பேச்சோடு போயிற்று. காயப்பட்டவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனுக்கும் நல்ல எண்ணம் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? அனாமெயேல் வந்து கேட்ட அன்று எரேமியாவிடம் பதினேழு சேக்கல் இருந்தது. அந்த அம்மா கேட்ட அன்று என்னிடம் இல்லை.

அன்று கற்றுக்கொண்டேன்: முன்கூட்டியே ஆயத்தப்படுவது நம் வீட்டுக்காக மட்டும் அல்ல. ஆயத்தமில்லாதவனால் பிறனுக்கு நீதி செய்ய முடியாது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வீட்டைப் பார்க்கிறதற்கு முன்னே கணக்கைப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ண வேண்டும் என்று ஆண்டவரே போதித்திருக்கிறார். வீட்டின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஆக 27 லட்சம். மீதி 3 லட்சம் நம்முடையது. 2023 ஏப்ரல் முதல் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அது 2 லட்சத்து 70 ஆயிரம். ஆகமொத்தம் 5 லட்சத்து 70 ஆயிரம் கையில் இருந்தால்தான் தேடவே வெளியே போகலாம். வக்கீலுக்கும் சாமான் வண்டிக்கும் தனி.

இரண்டாவது, தவணையில் இடைவெளி விடுங்கள். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. கடைசி ரூபாய்வரை கணக்குப் போட்டுக் கடன் வாங்கினவர்கள் தவித்தார்கள். பிறகு 2025-ல் வட்டி குறையவும் செய்தது. ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. ஓவர்டைம் இல்லாத மாதத்திலும் கட்டக்கூடிய தவணையா என்று பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, மழையில் பாருங்கள். ஏப்ரலில் எல்லா மனையும் மேட்டு மனைதான். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கியதையும் நாம் மறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தத் தெருவில் நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சும்மா?" என்று கேளுங்கள். சித்திரையில் மறுபடியும் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஒரு வீட்டை இரண்டு பருவத்தில் பார்க்க ஆறு மாதம் ஆகும். ஆகவேதான் முன்கூட்டியே தேடச் சொல்கிறேன்.

நான்காவது, கடைசி முப்பது வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, அங்கீகார எண், அடுக்குமாடியானால் ரெரா பதிவு. இவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் வார்த்தை மாறாதீர்கள். விலை ஏறிவிட்டது என்று விற்கிறவர் மாறினால் கோபப்படுகிறோம், விலை குறைந்த வேறு வீடு கிடைத்ததும் நாம் நழுவுவது மட்டும் எப்படி சாட்சியாகும்?

தம்பிக்குச் சொல்லும் பதில்

தம்பி, முன்கூட்டியே தேடுவது அவிசுவாசம் அல்ல. தேடலை இன்றைக்கே தொடங்குங்கள். ஆனால் வாங்குவதற்குத் தேதி குறிக்காதீர்கள். உங்களுக்கு ஏற்ற வேளை என்று தோன்றும்போது, விற்கிறவருக்கு அது என்ன வேளை என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். இரண்டு பேரும் பின்னொரு நாள் தெருவில் சந்தித்தால் முகம் பார்த்துப் பேச முடிகிற விலையே கர்த்தருக்கு முன்பாகவும் நியாயமான விலை. வாடகை வீட்டில் இருக்கிறவரை அதையும் கர்த்தர் தந்த வீடாக எண்ணிச் சுத்தமாக வைத்திருங்கள்.

நாங்கள் ஒரு தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வருகிறோம். என் மனைவி காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறாள். அந்த முருங்கை மர வீட்டு வழியாகத்தான் வாரம் இரண்டு முறை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன், இன்னொரு முறை ஆயத்தமில்லாமல் நிற்காதபடி எனக்காகவும் ஜெபிக்கிறேன். வீடு தேடுகிறவர்களும் வீட்டை விற்க வேண்டிய கஷ்டத்தில் இருக்கிறவர்களும் நம் சபையில் இருக்கிறீர்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள், சேர்ந்து ஜெபிப்போம், சேர்ந்தே பத்திரத்தையும் படிப்போம்.

கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் பொறுமையையும் விழிப்பையும் தந்து நடத்துவாராக. ஆமென்.